மறுமுனையில் நின்றவர்

குருவானவர் ஒருவர் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதா என்று வாசகருள் சிலர் வியப்படையக்கூடும். புனித சின்னப்பர் கொரிந்து நகர மக்களுக்கு எழுதியபோது பந்தயத் திடலில் ஓடுவோரையே எடுத்துக்காட்டினார். வாடிப்போகும் வாகைக்காக அவர்கள் மேற்கொள்ளும் கடும் ஒறுத்தலை விசுவாசிகளுக்குப் பாடமாக வைத்தார். திருத்தூதருக்குத் தகுந்த உவமை பங்குக் குருவுக்குத் தகாததன்று.

எங்கள் அவனியாபுரம் மதுரைக்குத் தெற்கே விமான நிலையத்தை அடுத்துள்ள ஊர். 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைந்தது. தைப்பொங்கலன்று இங்கே வாடிவாசல் திறக்கும்போது நாடே எங்கள் ஊரைத் திரும்பிப் பார்க்கிறது. எந்த இளைஞன் எத்தனை காளைகளை அடக்கினான் என்று அன்று முழுவதும் ஒலிபெருக்கி எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆண்டின் எஞ்சிய நாட்களிலோ எங்கள் இளைஞர் எண்ணுவது ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும்தான். கண்மாய் வற்றியதும் அதன் மடியில் நான்கைந்து ஆடுகளங்கள் முளைத்துவிடும். மூன்று குச்சிகள், ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து, வேறொன்றும் வேண்டுவதில்லை.

சென்ற கோடையில் ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்தபின் கொத்தனார் வேலை செய்யும் பங்குமகன் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. வேகப்பந்து வீச்சில் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றவன்.

"சாமி, நீங்க சொன்னாக் கேப்பான். பந்து போட்டு யாரு சோறு தின்னா? காலேசுல ரெண்டு பாடம் அரியர் நிக்குது. நான் சாரத்துல வெயில்ல நிக்கிறேன். இவன் கண்மாய்க்குள்ள வெயில்ல நிக்கிறான். எங்க வெயிலுக்குக் கூலி உண்டு. இவன் வெயிலுக்கு என்ன உண்டு?"

மகன் தலை நிமிராமலே விடை சொன்னான்: "நடராஜன் அண்ணன் எங்கருந்து வந்தாரு சாமி? நம்மள மாதிரி ஊருதான?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆகவே ஒரு வாரம் கழித்து வருமாறு இருவரையும் அனுப்பிவிட்டு, பந்துவீச்சாளர்களின் வாழ்க்கையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். சிறுவயது முதல் வானொலியில் வர்ணனை கேட்டுப் பழகிய காதுகள் எனக்கு உண்டு. அன்று எண்ணியவற்றை இந்த இதழைப் படிக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று நம்பி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டெஸ்ட் பந்தயங்களில் உலகிலேயே மிகுதியான விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஒரு தமிழர். இலங்கையின் முத்தையா முரளிதரன், 133 டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட்டுகளை எடுத்தார். அவருக்கு அடுத்தவர் 708 விக்கெட்டுகள் எடுத்த ஆஸ்திரேலியர் ஷேன் வார்ன். இந்தியர்களுள் முதல்வர் 619 விக்கெட்டுகள் எடுத்த பெங்களூரின் அனில் கும்ப்ளே. அடுத்தவர் 537 எடுத்த சென்னையின் அஸ்வின். கேட்கும்போதே மலைப்பு உண்டாகிறது அல்லவா?

ஆயினும் இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்த 800 விக்கெட்டுகளுக்காக முரளிதரன் வீசிய பந்துகள் 44,039. அதாவது ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ 55 பந்துகள். அவற்றுள் 54 பந்துகளுக்கு விக்கெட் என்னும் பலன் இல்லை. அடிபட்டவை உண்டு, தடுக்கப்பட்டவை உண்டு, மட்டையை உரசாமல் மயிரிழையில் தப்பியவை உண்டு. உலகம் 800-ஐ நினைவில் வைத்திருக்கிறது. அவர் தோள் 44,039-ஐயும் நினைவில் வைத்திருக்கும்.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலும் பந்தெறிவோரின் வரலாறு இதையே சொல்கிறது. அங்கே சை யங் என்பவர் 1890 முதல் 1911 வரை ஆடி 511 ஆட்டங்களில் வென்றார். இன்றுவரை அதை யாரும் நெருங்கியதில்லை. அதே மனிதர் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோற்றவர். தோல்வியிலும் அவரை விஞ்சியவர் இல்லை. மிகுதியாக வென்றவரே மிகுதியாகத் தோற்றவரும் ஆனார். ஏனெனில் தோற்ற மறுநாளும் அவர் களத்துக்கு வந்தார். செபத்தில் சோர்வடையும் நமக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

பந்துவீச்சு என்பது கிரிக்கெட்டில் உழைப்பாளியின் பங்கு. மட்டையாளர் நிழலில் காத்திருந்து தம் முறை வரும்போது இறங்குவார். பந்துவீச்சாளர் வெயிலில் நாள் முழுதும் ஓடியாக வேண்டும். இங்கிலாந்தில் 1962 வரையில் ஊதியம் பெறாது ஆடியவர்களைக் கனவான்கள் என்றும், கூலிக்கு ஆடியவர்களை வெறும் ஆட்டக்காரர்கள் என்றும் பிரித்து வைத்திருந்தனர். மட்டை கனவானுக்கு, பந்து கூலிக்காரனுக்கு என்பதே பெரும்பாலும் அங்கே நிலவிய எழுதாச் சட்டம்.

நம் நாட்டிலோ அதன்மேல் சாதியும் ஏறி அமர்ந்தது. பல்வாங்கர் பாலு என்னும் பெயரை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்? தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்தவர் அவர். பூனாவில் ஐரோப்பியரின் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் இருந்தார். பயிற்சிக்கு வந்த ஆங்கிலேயருக்குப் பந்து வீசி வீசியே தேர்ந்தார். அங்கே அவருக்கு மட்டை பிடிக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. அவர் திறமையைக் கண்டு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தையே மற்றவரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண்குவளை. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தனை இருந்தும் அணித் தலைமை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. பின்னர் 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது.

இதை வாசித்து மற்றவர்மீது குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த மண்குவளை நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் வேறு வேறு வடிவங்களில் இருந்தது. முற்றும் உடைந்துவிட்டதென்று இன்றும் சொல்வதற்கில்லை. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தைப் பகிர்கிறோம். பந்தி முடிந்து வெளியே வந்தால் தெருவுக்கொரு அணியாகப் பிரிந்து நிற்கிறோம். பாலுவின் வரலாறு நம் பங்கு இளைஞர் மன்றத்தில் வாசிக்கப்பட வேண்டிய ஒன்று.

உடற்குறையும் பந்துவீச்சாளரைத் தடுத்ததில்லை. மைசூரில் பிறந்த சந்திரசேகருக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலக்கை மெலிந்துபோயிற்று. மெலிந்த அந்தக் கையாலேயே பந்து வீசினார். 1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் திடலில் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தி, இங்கிலாந்தை 101 ஓட்டங்களுக்குள் சுருட்டினார். அம்மண்ணில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றி அது. தம் டெஸ்ட் வாழ்வில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 242. எடுத்த ஓட்டங்களோ 167 மட்டுமே! ஒருவனுக்கு எல்லாக் கொடையும் வேண்டியதில்லை. கிடைத்த ஒன்றைப் புதைத்துவைக்காதிருந்தால் போதும். அமெரிக்காவிலும் ஜிம் ஆபட் என்பவர் வலது உள்ளங்கை இன்றியே பிறந்தவர். 1993 செப்டம்பரில் ஓர் ஆட்டம் முழுவதும் எதிரணியினர் ஒருவரும் தம் பந்தைச் செம்மையாக அடித்து முதல் நிலையை எட்டாதவாறு எறிந்து புகழ் பெற்றார்.

முரளிதரனின் கதைக்கு மீண்டும் வருகிறேன். அவர் பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர். அவ்வாறு போனவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப்பின் பெருந்தொகையாக நம் மாநிலத்துக்குத் திரும்பிவந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். முரளியின் தந்தை அங்கேயே தங்கி பிஸ்கட் தொழில் நடத்தினார். மகனைப் பெனடிக்ட் சபைத் துறவிகள் தோற்றுவித்த கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார். அங்கே மிதவேகமாய்ப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. ஒரு பள்ளித் திடலில் ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லிலிருந்தே அந்த 800 தொடங்கியது எனலாம்.

பிறவியிலேயே முரளியின் முழங்கை முற்றிலும் நிமிராது. அதனால் அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்னும் பழி எழுந்தது. 1995 டிசம்பர் 26, நாம் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியில் இருந்த மறுநாள். மெல்போர்ன் திடலில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் ஒருவர் ஏழு முறை அவர் பந்தை முறையற்றதென்று அறிவித்தார். இருபத்து மூன்று வயது இளைஞன், அயல்நாடு, மறுத்துப் பேசவும் இடமில்லை. அவர் என்ன செய்தார்? சினந்து ஆட்டத்தைத் துறக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் தம் கையை ஆய்வுக்கு ஒப்படைத்தார். கண்ணுக்கு எறிவதுபோல் தோன்றுவது மாயத்தோற்றமே என்று ஆய்வு கூறிற்று. 1999-இலும் 2004-இலும் மீண்டும் ஐயங்கள் எழுந்தன. மீண்டும் அவர் ஆய்வுக்கு உட்பட்டார். பல நாட்டுப் பந்துவீச்சாளர்களையும் கருவிகொண்டு அளந்தபோது, கண்ணுக்கு நேராகத் தோன்றிய பிறர் கைகளும் சற்றே வளைந்து நிமிர்வது தெரியவந்தது. 2005 முதல் 15 பாகை வரை எல்லாருக்கும் பொதுவாக இடமளிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பிடலாகாது என்று ஆண்டவர் போதித்ததை அளவுகருவிகளும் மெய்ப்பித்தன.

2010 ஜூலையில் காலி நகரில் இந்தியாவுக்கு எதிராக அவர் தம் இறுதி டெஸ்டில் இறங்கியபோது கணக்கு 792. எட்டு விக்கெட்டுகள் வேண்டும். இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் ஓஜாவின் விக்கெட்டே எண்ணூறாவதாக அமைந்தது. மறுமுனையில் வீசிய வேறொருவர் அதை எடுத்திருந்தால் கணக்கு 799-இல் நின்றிருக்கும். அந்தப் பந்தை ஸ்லிப் திசையில் நின்று பிடித்தவர் மகேல ஜயவர்தன. முரளியின் பந்தில் ஜயவர்தன இவ்வாறு பிடித்தவை டெஸ்டுகளில் மட்டும் 77. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களர். அவர்கள் ஆடிய ஆண்டுகளின் பெரும்பகுதியில் அந்நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஒருவன் வீச மற்றவன் பிடித்த அந்த 77-ஐ நான் ஒரு சமாதானச் செபமாகவே எண்ணுகிறேன்.

மறுமுனை என்றதும் இன்னொரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1999 பிப்ரவரி 7, தில்லி. பாகிஸ்தானின் இரண்டாம் ஆட்டத்தில் கும்ப்ளே ஒன்பது விக்கெட்டுகளையும் தாமே வீழ்த்திவிட்டார். பத்தும் ஒருவருக்கே என்னும் பேறு அதற்குமுன் டெஸ்ட் வரலாற்றில் 1956-இல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கருக்கு மட்டுமே கிட்டியிருந்தது. மறுமுனையிலிருந்து பந்து வீச வந்தவர் ஜவகல் ஸ்ரீநாத். அவரும் சிறந்த பந்துவீச்சாளர். டெஸ்டுகளில் 236 விக்கெட்டுகள் எடுத்தவர். கடைசி ஆட்டக்காரரை வீழ்த்துவது அவருக்கு அரிதன்று. அவரோ பந்தைக் குச்சிகளுக்கு எட்டாத தொலைவில் வீசினார். தம் பேரில் ஒரு விக்கெட் கூடிவிடாதபடி கவனமாய் வீசினார். அடுத்துக் கும்ப்ளே பத்தாவதையும் எடுத்தார். 74 ஓட்டங்களுக்கு 10 விக்கெட் என்று ஏடுகளில் பொறிக்கப்பட்டது. ஸ்ரீநாத் வேண்டுமென்றே எடுக்காத விக்கெட்டுக்கு எந்த ஏட்டிலும் கட்டமில்லை. வலக்கை செய்யும் தருமத்தை இடக்கை அறியலாகாது என்று கேட்டிருக்கிறோம். அதைப் பல்லாயிரம் பேர் பார்க்க ஒருவர் செய்துகாட்டினார்.

நடராஜனின் வாழ்வும் இவ்வகையதே. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகன்; தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடிய அவரைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவர் ஜெயபிரகாஷ் என்னும் ஊர்க்காரர். 2020-இன் இறுதியில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா போன நடராஜன், அந்த ஒரே பயணத்தில் இருபது ஓவர், ஒருநாள், டெஸ்ட் ஆகிய மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முறை ஆடினார். அவ்வாறு ஆடிய முதல் இந்தியர் அவரே. திரும்பிவந்தபின் தம் ஊரில் சிறுவர்களுக்காக ஒரு திடல் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. தமக்கு மறுமுனையில் ஒருவர் நின்றதை மறவாதவர், பிறருக்கு மறுமுனையில் தாமே நிற்கிறார்.

குறித்த வாரத்தில் தந்தையும் மகனும் வந்தனர். இவற்றை இருவருக்கும் கூறியபின் மகனிடம் சொன்னேன்: "தம்பி, நடராஜன் ஒருவர் வந்த வழியில் வராமற்போனவர் பல்லாயிரம் பேர். அவர்கள் பெயரைச் செய்தித்தாள் போடாது. அஸ்வின் பொறியியல் படித்தவர். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்த நம் வெங்கட்ராகவனும் கிண்டியில் பொறியியல் படித்தவர்தான். ஆட்டம் ஓய்ந்தபின் நடுவராகி 73 டெஸ்டுகளில் நீதி வழங்கினார். படிப்பு உன் பந்தின் வேகத்தைக் குறைக்காது. அரியர் இரண்டையும் முடி. மாவட்ட லீக் ஆட்டத்துக்கு நானே கூட்டிப் போகிறேன்."

தந்தையிடம் ஒன்றே கேட்டேன்: "அவன் பந்து போட்டு நீங்க ஒருதரம் பாத்திருக்கீங்களா அய்யா?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "இல்ல சாமி. வேலை விட்டு வரயில இருட்டிரும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. நம் பெற்றோர் பலருக்குப் பிள்ளையின் திறமையைப் பார்க்கப் பகல் வெளிச்சம் கிடைப்பதில்லை. அது அவர்கள் குற்றமன்று. ஆயினும் ஞாயிறு என்று ஒருநாளை ஆண்டவர் தந்திருக்கிறாரே! அதற்கடுத்த ஞாயிறு மாலை கண்மாய்க் கரையில், கருவேல மரத்தடியில், அவர் வந்து நின்றார். மகன் அன்று ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. அடியும் வாங்கினான். "நல்லா ஓடி வர்றான் சாமி, கால் பிசகல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாரத்தில் நிற்பவருக்குக் காலின் அருமை தெரியும்.

அந்தப் பையன் இதுவரை ஒரு பாடத்தை முடித்திருக்கிறான்; ஒன்று பாக்கி. லீக்கில் மூன்று ஆட்டங்கள் ஆடியிருக்கிறான். அவன் நாளை என்ன ஆவான் என்று சொல்ல நான் தீர்க்கதரிசி அல்லேன். ஊர்தோறும் அவனைப்போல் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் எண்ணூறையும் எட்டார், எட்டையும் எட்டார். பலனில்லாத ஐம்பத்து நான்கு பந்துகளையும் அதே ஓட்டத்தோடு வீசக் கற்றவன், பின்னாளில் சாரத்தில் நின்றாலும், பட்டறையில் நின்றாலும், ஒரு குடும்பத்தைத் தாங்கும் தோள் உடையவனாய் இருப்பான். அந்தப் பயிற்சி வீண்போகாது.

இறுதியாக, 2024 பிப்ரவரியில் இராஜ்கோட்டில் நிகழ்ந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அஸ்வின் தம் ஐந்நூறாவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்த அன்று மாலையே அவர் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. வாழ்நாளின் பெரும் பேறு கைக்கு வந்த அந்த இரவே ஆட்டத்தை விட்டுவிட்டுச் சென்னை சென்று தாயின் படுக்கையருகே நின்றார். நான்காம் நாள் திரும்பிவந்து மீண்டும் பந்து வீசினார். அணியும் அவரைத் தடுக்கவில்லை. அவரும் அணியைக் கைவிடவில்லை.

அன்புப் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். எண்ணாமல் விடுவது எதை என்றும் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தம் பேரில் ஒரு விக்கெட்டும் எழுதப்படாமல் மறுமுனையில் பந்து வீசிக்கொண்டே இருக்கும் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவர் தாயாகவே இருப்பார். இன்று இரவு குடும்ப செபமாலை முடிந்ததும் அவருக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்கள்.